6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறவர்கள், நூலகப் பாடவேளையைப் பார்த்துக்கொள்பவர்கள், சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுதவைக்கும் தன்னார்வலர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் சாதாரண வகுப்பறையை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வாக்கியமே ஒழுங்காக எழுத வராத பிள்ளைகளுக்குக் கதை எழுத வருமா?

வரும். வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டுப் பாருங்கள். கரண்ட் போனது, தம்பி நோட்டைக் கிழித்தது, பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்று ஆட்களோடு, காரணங்களோடு, நம்பும்படியாக ஒரு கதை வந்து விழும். இடைவேளையில் மரத்தடியில் நின்று முந்தின நாள் தெருச் சண்டையைச் சொல்லும்போது பாருங்கள். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் கை நீட்டினார்கள், எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவன் 'அப்புறம்?' என்பான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அதே பிள்ளை நோட்டைத் திறந்ததும் நரி, காகம், விறகுவெட்டி என்று ஆரம்பிக்கிறதே, ஏன்? இதற்கு முன்னால் எதற்கு மதிப்பெண் கிடைத்ததோ அதை எழுதுகிறது. வாத்தியாருக்கு என்ன பிடிக்கும் என்று சரியாகவே கணித்திருக்கிறது. எனவே தொடக்கத்தில் நமக்கு ஒரே வேலைதான்: இங்கே வேறு மாதிரியும் எழுதலாம் என்று நம்பவைப்பது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். முதல் கதைகளை வாங்கிக்கொண்டு நாம் எதைப் பாராட்டுகிறோம் என்று கவனிப்பார்கள். கையெழுத்தைப் பாராட்டினால் அடுத்த வாரம் அழகான கையெழுத்து வரும். 'அந்த நாய் செருப்பத் தூக்கிட்டு ஓடுற இடம் நல்லாயிருந்துச்சு' என்று சொன்னால் அடுத்த வாரம் இன்னும் நாலு நாய் வரும். பரவாயில்லை, வரட்டும்.

பாதிப் பேர் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்றே தொடங்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சொல்ல வேண்டியதில்லை. வேறு எல்லை போட்டுக்கொடுங்கள். 'உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள்' என்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான தலைப்பு, பழுத்த எழுத்தாளரே அதற்குத் திணறுவார். கதை காலை மணிக்கும் மதியச் சாப்பாட்டு மணிக்கும் நடுவில் நடக்க வேண்டும், மூன்று பேருக்கு மேல் வரக் கூடாது, ஒருவராவது உங்கள் வயதில் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். ராஜா தானாகவே வெளியே போய்விடுவார். யாராவது ஒரு பையன் அவரை ஏழாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தால் விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கும்.

கதையில் வருபவர்களுக்குத் தங்கள் தெருவில் கேட்கும் பெயர்களாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டுப்பாடு மட்டும் கறாராக இருக்கட்டும்: வகுப்பில் உள்ளவர்களின் பெயரும் பட்டப்பெயரும் கூடாது. கதையாகத் தொடங்குவது மதிய இடைவேளையில் அடிதடியாக முடியும்.

'எனக்கு ஒண்ணுமே தோணல மிஸ்' என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

கதை கேட்காதீர்கள், பட்டியல் கேளுங்கள். தொலைத்த பொருட்கள் ஐந்து. சொல்லி மாட்டிக்கொண்ட பொய்கள் மூன்று. விடியற்காலையில் தெருவில் கேட்கும் சத்தங்கள். வீட்டில் 'இதைத் தொடாதே' என்று சொல்லிவைத்திருக்கும் சாமான்கள். பட்டியல் எழுத யாருக்கும் பயமில்லை. எழுதி முடித்ததும் அதில் ஒன்றுக்குக் கீழே கோடு போடச் சொன்னால் கதையின் விதை கையில் வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது தழும்புப் பயிற்சி. உடம்பில் ஒரு தழும்பு இல்லாத பிள்ளை கிடையாது. முழங்காலில் சைக்கிள், நெற்றியில் ஊஞ்சல், கையில் தோசைக்கல். அது எப்படி வந்தது என்று முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பிறகு எழுத வேண்டும். அதற்கும் பிறகுதான் முக்கியமான வேலை: ஏதாவது ஒன்றை மாற்று. விழுந்தது நீ இல்லை, உன் அப்பா. அல்லது விழுந்தபோது யாருமே வரவில்லை. அல்லது உன்னைத் தள்ளிவிட்டது உன் உயிர்த்தோழி. நடந்த சம்பவம் கதையாக மாறுவது இந்த ஒரு திருப்பத்தில்தான்.

நடந்ததை எழுதப் பிடிக்காத பிள்ளைகளுக்கு இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜானி ரோடாரி (1920–1980) சொன்ன விளையாட்டு பொருந்தும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைச் சேர்த்துவைப்பது. அவர் கொடுத்த உதாரணம் நாயும் அலமாரியும். இரண்டையும் இணைக்கும் சொல் மாறமாறக் கதையும் மாறும் என்பார். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்துவிடுகிறது. துண்டுச் சீட்டுகளில் பெயர்ச்சொற்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். 'மயில்', 'ரேஷன் கார்டு' என்று வந்தால் ரேஷன் கார்டில் மயில், மயிலுக்கு ரேஷன் கார்டு, மயிலால் தொலைந்த ரேஷன் கார்டு. இலக்கணப் பாடத்தில் வேற்றுமை நடத்தும் வாரத்தில் இதைச் செய்தால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

கதையின் அமைப்பை எப்படிப் புரியவைப்பது? தொடக்கம், நடு, முடிவு என்று சொன்னால் போதாதா?

போதாது. சுற்றுலா போய்வந்த கட்டுரைக்கும் அந்த மூன்றும் உண்டே. கரும்பலகையில் வேறு மூன்று கேள்விகளை எழுதிப்போடுங்கள். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? வேண்டியது சின்னதாகவும் கையால் தொடக்கூடியதாகவும் இருக்கட்டும். 'எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட நகராது.

வகுப்பே சேர்ந்து கட்டிய ஒரு கதையைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு செல்வி. வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. சத்துணவில் போடும் முட்டையைத் தம்பிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறாள். ஆனால் முட்டையை அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். 'இப்ப அவ என்ன பண்ணுவா?' என்று கேட்டதும் கைகள் உயர்ந்தன. ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைப்பாள் என்றது ஒரு குரல். சரி, வைத்தாகிவிட்டது. இதற்கு மேல் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: 'இன்னும் மோசமா என்ன நடக்கலாம்?' அடுத்த பாடவேளை கணக்கு என்றாள் ஒருத்தி. சார் வட்டம் வரையச் சொல்வார், எல்லோரும் பாக்ஸைத் திறந்தாக வேண்டும். முட்டை நசுங்கி வாசனை வரும் என்றான் இன்னொருவன். பக்கத்தில் இருப்பவள் மூக்கைச் சுளிப்பாள். அரைமணி நேரத்துக்கு முன்பு 'தோணல' என்று உட்கார்ந்திருந்த வகுப்பு அது.

இந்த வயதில் ஒரு பழக்கம் உண்டு. தங்களுக்குப் பிடித்த ஆள் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காது, உடனே காப்பாற்றிவிடுவார்கள். 'சார் நல்லவர், சரி எடுத்துக்கோ என்றார்' என்று மூன்றாவது வரியில் கதை முடிந்துவிடும். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். முதல் முயற்சி தோற்க வேண்டும், இரண்டாவது முயற்சி நிலைமையை இன்னும் சிக்கலாக்க வேண்டும். பிள்ளைகள் இதை ஆட்டத்தின் விதிபோல எடுத்துக்கொண்டு, எதிர்பார்த்ததைவிடக் கொடூரமாகவே விளையாடுவார்கள்.

முடிவில் 'கண் விழித்தான், எல்லாம் கனவு' என்று எழுதிவிடுகிறார்களே?

கனவு ஒன்று, 'பல வருடங்கள் கழித்து அவள் கலெக்டர் ஆனாள்' என்பது இன்னொன்று. வெளியே போகும் வழி தெரியாதபோது திறக்கும் கதவுகள் இவை. திட்டாதீர்கள், ஒரே கதைக்கு மூன்று முடிவு எழுதச் சொல்லுங்கள். முதலாவது பெரும்பாலும் கேட்டுப் பழகியதாக இருக்கும். இரண்டாவது அதைத் தலைகீழாக்கியதாக இருக்கும். மூன்றாவதற்குத்தான் யோசிக்க வேண்டிவரும்.

முட்டைக் கதைக்கு ஒரு குழு சார் பிரம்பால் அடித்தார் என்று எழுதியது. இன்னொரு குழு எதிர்பார்த்தபடியே செல்வியைக் கலெக்டராக்கியது. ஒரு பெண் எழுதியது இது: சார் பாக்ஸைத் திறந்து பார்த்தார், மூடினார், தன் மேசையில் இருந்த காம்பஸை எடுத்து அவளிடம் நீட்டினார். இதை வாசித்ததும் பின்வரிசையில் இருந்து ஒருவன் 'அப்போ சாருக்குத் தெரிஞ்சுபோச்சு!' என்று கத்தினான். கதையில் ஏற்கெனவே இருந்த பொருள், யாரோ ஒருவர் செய்யும் ஒரு செயல், அதில் முடிவு. இதற்கு மேல் முடிவைப் பற்றி 12 வயதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

நீதி எழுத வேண்டாமா?

தேர்வில் நீதி கேட்டால் எழுதட்டும். கதை நோட்டில் வேண்டாம். நீதியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்காகக் கதை எழுதினால் எல்லா ஆட்களும் பொம்மை ஆகிவிடுகிறார்கள், நல்லவன் தும்மக்கூட மாட்டான். படித்துக்காட்டி முடித்த பிறகு கேட்டவர்களிடம் 'இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?' என்று விட்டுவிடுங்கள். செல்வி செய்தது திருட்டா, இல்லையா? அவளுக்குக் கொடுத்த முட்டைதானே என்று ஒரு பக்கம், விதி விதிதான் என்று ஒரு பக்கம். பாடவேளை முடிந்து மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுத விடலாமா? மொழி கெட்டுப்போகாதா?

விடலாம், விடவும் வேண்டும். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில், ஆட்கள் பேசும் பகுதி பேச்சுத் தமிழில் என்பது தமிழ்ச் சிறுகதையில் வெகுகாலமாகப் பழகிய வழி. பிள்ளைகள் பாடப்புத்தக உரையாடலையே அதிகம் பார்த்தவர்கள் என்பதால் அவர்கள் கதையில் வரும் ஆட்டோக்காரரும் 'தங்களை எங்கு இறக்கிவிட வேண்டும்?' என்று கேட்பார். அதைச் சத்தமாகப் படிக்கவைத்தால் போதும், அவர்களே சிரித்துவிட்டு மாற்றிவிடுவார்கள்.

'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதைப் 'போய்ட்டிருக்கேன்' என்றும் எழுதலாம், 'போய்க்கிட்டு இருக்கேன்' என்றும் எழுதலாம். இதில் எது சரி என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுது என்பதே போதுமான விதி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை 'ஏனுங்க' என்று எழுதட்டும், திருநெல்வேலிப் பையன் 'ஏல, எங்க போற?' என்று எழுதட்டும். ஒருவர் கதை முழுவதும் ஒரே மாதிரி பேசுகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். சக ஆசிரியர் யாராவது முகம் சுளித்தால், கரிசல் வட்டாரப் பேச்சிலேயே கதை சொல்லி, அந்த மண்ணின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து, வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் போட்ட கி. ராஜநாராயணனை நினைவுபடுத்துங்கள்.

இதில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 'தண்ணி வேணுமா?' என்ற ஒரே கேள்வியைப் பாட்டியிடம், தலைமையாசிரியரிடம், தம்பியிடம், பேசாமல் இருக்கும் பழைய தோழியிடம் கேட்பதுபோல எழுதச் சொல்லுங்கள். ஓரிடத்தில் 'ங்க' சேரும், ஓரிடத்தில் 'டா' சேரும், ஓரிடத்தில் கேள்வியே வராமல் டம்ளர் மட்டும் நகரும். நீ, நீங்க, அண்ணே, அக்கா என்று நாம் விளிக்கும் விதத்திலேயே இருவருக்கும் இடையில் உள்ள உறவு தெரிந்துவிடுவதால், 'அவர்கள் இருவரும் நெருங்கிய நண்பர்கள்' என்று தனியாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை.

தேர்வுத்தாளில் மட்டும் உரையாடலையும் பொதுவான எழுத்துத் தமிழில் எழுதுவது பாதுகாப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். திருத்துகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதுவது பிள்ளைகளுக்குக் குழப்பமே இல்லை. வகுப்பில் ஒரு தமிழும் வாசலில் ஒரு தமிழும் தினமும் பேசுகிறவர்கள்தானே.

'அவள் மிகவும் சோகமாக இருந்தாள்' என்பதைத் தாண்டி எழுதவைப்பது எப்படி?

தொல்காப்பியம் இதற்கு ஒரு பட்டியலே தந்திருக்கிறது. உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலில் வரும் எட்டு: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). எட்டையும் எட்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒருவர் சீட்டை எடுத்து, பேசாமல் நடித்துக்காட்ட வேண்டும். மற்றவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'பயந்தான்' என்பதற்குப் பதிலாக 'சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்' என்று வரும். இளிவரல் வந்தால் வகுப்பு கொஞ்சம் விழிக்கும், அவமானப்பட்டவன் எப்படி நிற்பான் என்று கேட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

வர்ணனைக்கும் இதே வழிதான். 'கதிரவன் தன் பொற்கரங்களை விரித்தான்' என்று கட்டுரைப் புத்தகத்தில் பிடித்த வரியை விட்டுவிட்டு, காலையில் தன் வீட்டு வாசலில் வெயில் முதலில் எதன் மேல் படுகிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். குடத்தின் மேல் என்று ஒருத்தி எழுதி வருவாள்.

ஒரு பாடவேளைக்குள் இதையெல்லாம் எப்படி அடைப்பது?

அடைக்க முடியாது. 40 அல்லது 45 நிமிடத்தில் ஒரு கதை முழுதாக வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ராஜா கதைதான் வரும். வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் மாதம் ஒரு கதை நல்ல கணக்கு. முதல் வாரம் பட்டியலும் பேச்சும், இரண்டாவது வாரம் ரஃப் நோட்டில் முதல் எழுத்து, மூன்றாவது வாரம் ஒரே ஒரு பகுதியை மட்டும் திருத்தி எழுதுவது, நான்காவது வாரம் நல்ல பிரதியும் வாசிப்பும். கட்டுரைப் பாடவேளையையோ நூலகப் பாடவேளையையோ இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் எழுதும் அந்த இருபது நிமிடத்தில் ஆசிரியரும் உட்கார்ந்து எழுத வேண்டும். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து எட்டிப்பார்த்தால் பாதிப் பேர் கையால் மறைத்துக்கொள்வார்கள். நீங்கள் அடித்துத் திருத்தி எழுதியதைக் கடைசியில் காட்டுங்கள். வாத்தியார் எழுதியதிலும் இத்தனை அடித்தலா என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி.

எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விடுவது தப்பில்லையா?

திருத்தத்தான் வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. முதல் வாசிப்பில் கையில் பேனாவே வேண்டாம். படித்து முடித்துவிட்டு, கீழே இரண்டு வரி எழுதுங்கள். பிடித்த இடம் எது என்று ஒரு வரி, தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு கேள்வி. 'செல்வி வீட்டுக்குப் போனதும் தம்பி முட்டையைச் சாப்பிட்டானா?' என்பதுபோல. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பத்தி தானாக வளரும்.

ர, ற குழப்பம், ல, ள, ழ குழப்பம், ஒற்று மிகும் இடங்கள் எல்லாம் நல்ல பிரதி எழுதும் வாரத்துக்கு. அப்போதும் ஒரு தடவைக்கு இரண்டு வகைப் பிழை போதும். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பார்த்த பிள்ளை அடுத்த கதையைத் தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களில் மட்டும் எழுதும், கதை பாதியாகச் சுருங்கும். 'மறுநாள் அவன் பல்லிக்குப் போனான்' என்று இருந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். கதாசிரியர் நினைக்காத இடத்தில் வகுப்பு சிரிக்கும்.

நாற்பது நோட்டையும் ஒரே வாரத்தில் படிக்க நினைக்காதீர்கள். வாரத்துக்குப் பத்து நோட்டு. மற்றவர்கள் ஜோடி ஜோடியாக ஒருவர் கதையை ஒருவர் படித்து, அதே இரண்டு வரியை எழுதட்டும்.

எழுதவே தடுமாறும் பிள்ளைகள்?

சொல்லவிடுங்கள். அவர்கள் சொல்ல, பக்கத்தில் உள்ளவர் எழுதலாம். போனில் பதிவு செய்து நீங்களே எழுதிக்கொடுக்கலாம். நாலு கட்டம் போட்டுப் படமாக வரைந்து, கீழே ஒவ்வொரு வரி எழுதலாம். வகுப்பிலேயே நல்ல கதைசொல்லி பல சமயம் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார். தான் சொன்னது எழுத்தாக நிற்பதைப் பார்த்த பிறகு, அதை வாசிப்பதற்காகவே எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளைகள் உண்டு.

ஆங்கில வழிப் பிள்ளைகள் பாதி ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே?

முதல் எழுத்தில் விட்டுவிடுங்கள். கதை ஓடும்போது சொல்லுக்காக நிறுத்தினால் கதை நின்றுவிடும். திருத்தும் வாரத்தில் எந்தச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும், எது அப்படியே இருக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். பஸ், பென்சில், செல்போன் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சினிமாக் கதையை, யூடியூபில் பார்த்ததை அப்படியே எழுதிவந்தால்? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிவந்தால்?

சினிமாக் கதையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பிடித்ததை மறுபடி சொல்லிப்பார்ப்பது பழகுவதின் ஒரு கட்டம். 'அந்தச் சண்டை நம்ம ஊர் சந்தையில நடந்தா?', 'வில்லனோட தங்கச்சி இந்தக் கதையை எப்படிச் சொல்லுவா?' என்று கேட்டு நகர்த்துங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதிவரும் பழைய கதைக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

செல்போன் எழுதிக்கொடுத்த கதையில் ஊர் இருக்காது, யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள், கடைசியில் எல்லோரும் பாடம் கற்றுக்கொள்வார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஆனால் போலீஸ் வேலை நமக்கு எதற்கு? கதையை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். வகுப்பிலேயே, கையாலேயே எழுதட்டும். பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும்.

பேய்க் கதை, கொலைக் கதை, காதல் கதை எழுதினால் அனுமதிக்கலாமா?

பேய் வரலாம். பயத்தைப் படிப்படியாக ஏற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ரத்தம் அதிகமானால், 'செத்தது யாரு? அவங்க வீட்டுல இப்ப யாரு அழுவாங்க?' என்று கேளுங்கள், கொலைகளின் எண்ணிக்கை குறையும். எட்டாம் வகுப்பில் காதல் எட்டிப்பார்ப்பதும் இயல்புதான். கிண்டல் செய்யாமல், வகுப்பில் உரக்கப் படிக்கவைக்காமல், மற்றக் கதைகளைப் போலவே கருத்து எழுதிக்கொடுங்கள்.

நான் கறாராக இருப்பது வேறொன்றில். பிள்ளைகள் எழுதும் திருடன் பெரும்பாலும் கறுப்பாக இருப்பான், சோம்பேறி குண்டாக இருப்பான், முட்டாளுக்கு நொண்டும் கால் இருக்கும். சினிமாவும் டிவியும் போட்ட பாதை அது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கறுப்புதான். 'நிறத்தைச் சொல்லாம அவன் திருடன்னு எனக்குக் காட்டு' என்று கேட்டால் கதையும் தேறும்.

ஒரு பிள்ளை எழுதிய கதை வீட்டில் நடக்கும் கொடுமைபோலத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

இதில் தயங்கக் கூடாது. அந்தக் கதையை வகுப்பில் வாசிக்காதீர்கள், மற்ற ஆசிரியர்களுக்கு ஓய்வறையில் காட்டாதீர்கள். பிள்ளையைத் தனியாக, பயமுறுத்தாமல், 'இந்தக் கதையைப் பத்திப் பேசணும்னு தோணினா நான் இருக்கேன்' என்று மட்டும் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்பது நம் வேலை இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. சிறுவர் உதவி எண் 1098. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

எல்லாச் சோகக் கதையும் இப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா செத்துப்போவதாக எழுதும் பிள்ளைகள் நிறைய. பெரும்பாலும் அது வெறும் பயம், எழுதிப் பார்த்தால் குறைகிற பயம்.

மதிப்பெண் போடலாமா? தேர்வுக்கு இது உதவுமா?

கதை நோட்டுக்கு மதிப்பெண் வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், எழுதினார், திருத்தினார், பிறர் கதையைப் படித்துக் கருத்துச் சொன்னார் என்று செய்த வேலைக்குப் போடுங்கள். தேர்வில் வரும் 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக' போன்ற வினாவுக்கு இவர்கள் தடுமாற மாட்டார்கள். குறிப்புக்கும் குறிப்புக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கப் பழகியிருப்பார்கள் அல்லவா? தேர்வுக்கு முந்தைய வாரம் பத்தி பிரிப்பது, தலைப்பு இடுவது, நேரத்தைப் பங்கிடுவது ஆகியவற்றை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எழுதுவதற்கு முன் எவ்வளவு வாசித்திருக்க வேண்டும்?

இவ்வளவு என்று கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்து வகுப்பையும் நீங்கள் ஐந்து நிமிடம் உரக்க வாசிப்பதோடு தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. பல பள்ளிகளில் அவை பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே எடுத்து, ஜன்னலோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் கேட்காமலே படிப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நுழை' புத்தகம் எடுத்தால் தடுக்காதீர்கள்.

எழுதிய கதைகளை என்ன செய்வது?

நோட்டுக்குள் வைத்து மூடிவிடக் கூடாது. படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த கதை வரும். சுலபமானது கையெழுத்துப் பத்திரிகை: ஏ4 தாள்களில் எழுதி, ஓரத்தில் நூல் கோத்து, அட்டைக்குப் படம் வரைய ஒருவர், பிழை பார்க்க இருவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தால் அவர்களே நடத்திவிடுவார்கள். ஒரே பிரதிதான் இருக்கும் என்பதால் அதைப் படிக்கப் போட்டி வரும். சுவர்ப் பத்திரிகை என்றால் சத்துணவு வரிசை நிற்கும் சுவரில் ஒட்டுங்கள், காத்திருக்கும் நேரத்தில் எல்லோரும் படிப்பார்கள். ஆறாம் வகுப்பு எழுதியதை மூன்றாம் வகுப்புக்குப் போய் வாசித்துக்காட்டலாம், சின்னப் பிள்ளைகள் சலித்துப்போனால் முகத்துக்கு நேராகவே காட்டிவிடுவார்கள். அரசுப் பள்ளி என்றால், பள்ளிக்கல்வித் துறை 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகக் கொண்டுவரும் 'தேன்சிட்டு' இதழுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.

எங்கே போட்டாலும் எழுதிய பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தன் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும் என்று சிலர் சொல்வார்கள். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் கதையைப் போடுவதாக இருந்தால் பெற்றோர்களும் உறவினர்களும் படிப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவைப் பற்றி எழுதியவர் அதைக் கேட்டதும் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கொடுத்துவிடுங்கள்.